மா, சென்ட், ஏர்: ஒரே வயலுக்கு மூன்று எண்கள் வந்தால் எப்படிக் கணக்குப் போடுவது

மன்னார்குடி பக்கம் எங்கள் பெரியப்பாவுக்கு வாய்க்காலோரமாக ஒரு வயல் இருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் அது "வாய்க்காலோரத்து ஒரு மா". அவர் வாங்கிய கிரயப் பத்திரத்தில் "ஏக்கர் 0.33 சென்ட்" என்று எழுதியிருக்கிறது. போன வருடம் ஒரு கடனுக்காகப் பட்டா தேவைப்பட்டது, நான்தான் இணையத்தில் எடுத்து அச்சடித்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தவர் பரப்பு என்ற கட்டத்தில் நின்றுவிட்டார். அங்கே 0 - 13.50 என்று இருந்தது.

"முப்பத்து மூணு வாங்கின நிலம்ப்பா, பதின்மூணரைன்னு போட்டிருக்கான். மீதி எங்க போச்சு?"

பக்கத்து வரப்புக்காரர் மேல் சந்தேகம், கணக்கெடுத்த அதிகாரி மேல் சந்தேகம், இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நிலம் எங்கேயும் போகவில்லை. மா என்பது பழைய அளவு, சென்ட் வெள்ளைக்காரன் காலத்து அளவு, பட்டாவில் இருப்பது மெட்ரிக் அளவு. மூன்றும் ஒரே வயலைத்தான் சொல்கின்றன. அதை அவருக்குப் புரியவைக்க ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அந்தக் கணக்கையே கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். நிலம் வாங்குகிறவர்கள், பாகம் பிரிக்கிறவர்கள், அப்பா காலத்துப் பத்திரத்தை முதல்முறையாகக் கையில் எடுத்துப் பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் இது ஒருநாள் தேவைப்படும்.

முதலில் ஒரு விஷயம். பெருக்கல் வகுத்தல் எல்லாம் போன் பார்த்துக்கொள்ளும். பெரும்பாலும் தப்பு நடக்கிற இடம் அது கிடையாது. கையில் இருக்கும் எண் எந்த அளவில் எழுதப்பட்டது, அதில் புள்ளி எதைக் குறிக்கிறது என்று பார்க்காமல் கணக்கை ஆரம்பிப்பதில்தான் தப்பு நடக்கிறது. அதனால் நானும் அதற்குத்தான் இங்கே அதிக இடம் ஒதுக்குகிறேன்.

மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டியவை இவ்வளவுதான்:

1 ஏக்கர் = 100 சென்ட் = 43,560 சதுர அடி
1 சென்ட் = 435.6 சதுர அடி = 40.47 சதுர மீட்டர்
1 ஹெக்டேர் = 100 ஏர் = 10,000 சதுர மீட்டர் = 2.471 ஏக்கர்
1 ஏர் = 100 சதுர மீட்டர் = 2.471 சென்ட்
1 சதுர மீட்டர் = 10.764 சதுர அடி
1 கிரவுண்ட் = 2,400 சதுர அடி

இதில் 435.6, 2.471, 10.764 என்ற மூன்று எண்களும் நினைவில் இருந்தால் போதும், கிரவுண்டைத் தவிர மற்றதெல்லாம் அவற்றிலிருந்தே வந்துவிடும்.

பட்டாவைப் படிப்பது

தமிழ்நாட்டில் கிராமப் பட்டாவில் பரப்பு "ஹெக் - ஏர்" என்ற தலைப்பின் கீழ் இருக்கும். கோட்டுக்கு இடது பக்கம் இருப்பது ஹெக்டேர், வலது பக்கம் இருப்பது ஏர். ஏருக்குப் பின்னால் புள்ளி வைத்து வரும் இரண்டு இலக்கம் சதுர மீட்டர். நூறு சதுர மீட்டர் சேர்ந்தால் ஒரு ஏர், நூறு ஏர் சேர்ந்தால் ஒரு ஹெக்டேர். எல்லாம் நூறு நூறாக ஏறுவதால் ஒரு வசதி இருக்கிறது: கோட்டையும் புள்ளியையும் எடுத்துவிட்டு இலக்கங்களை ஒட்டி எழுதினால் அது அப்படியே சதுர மீட்டர். 0 - 13.50 என்பது 1350 சதுர மீட்டர். 1 - 21.50 என்பது 12,150 சதுர மீட்டர். ஆனால் ஏரையும் சதுர மீட்டரையும் இரண்டு இலக்கமாக நிரப்பிக்கொள்ள வேண்டும், இதை மறந்துவிடாதீர்கள். யாராவது 0 - 8.5 என்று எழுதியிருந்தால் அதை 0 - 08.50 ஆக்கி, 850 சதுர மீட்டர் என்று படிக்க வேண்டும்.

அப்படி நிரப்பாமல் படித்து ஏமாந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். 0.08.50 என்று இருந்ததை ஒருவர் வெறும் தசம எண்ணாக நினைத்து "பாயின்ட் எட்டு அஞ்சு ஹெக்டேர், அதாவது ரெண்டு ஏக்கருக்கு மேல" என்று விலை பேசிக்கொண்டிருந்தார். உண்மையில் அது எட்டரை ஏர். 8.5 × 2.471 போட்டால் 21 சென்ட். இரண்டு ஏக்கர் பத்து சென்ட் எங்கே, 21 சென்ட் எங்கே!

ஏரைச் சென்ட்டாக்க 2.471 ஆல் பெருக்கினால் போதும். போன் கையில் இல்லாமல் வயலில் நிற்கும்போது நான் வேறு மாதிரி போடுவேன்: ஏரை இரண்டரையால் பெருக்கி, வந்ததில் நூற்றுக்கு ஒன்று கழிப்பேன். 13.50ஐ இரண்டரையால் பெருக்கினால் 33.75. அதில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது 0.34 கழித்தால் 33.41. சரியான விடை 33.36. வாய்க்கணக்குக்கு இது தாராளமாகப் போதும். பத்திரத்தில் எழுதுவதற்கு மட்டும் போனில் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் மனதில் வைத்துக்கொள்ளலாம். 0 - 40.50 என்றால் ஒரு ஏக்கர். பட்டாவில் இந்த எண்ணைப் பார்த்தவுடன் ஊரில் பழக்கப்பட்டவர்கள் யோசிக்காமல் "ஒரு ஏக்கர்" என்பார்கள். அதில் பாதி 0 - 20.25 அரை ஏக்கர், மூன்று மடங்கு 1 - 21.50 மூன்று ஏக்கர்.

சரி, பெரியப்பாவின் பத்திரத்தில் 33 சென்ட், பட்டாவில் 33.36 சென்ட் வருகிறதே, அந்த 0.36 எங்கிருந்து வந்தது? தமிழ்நாட்டில் 1979இல் தொடங்கி 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில்தான் (எல்லோரும் யூ.டி.ஆர். என்பார்கள்) ஏக்கர், சென்ட் கணக்கில் இருந்த பதிவேடுகள் ஹெக்டேர், ஏர் என்று மாறின. 33 சென்ட் சரியாக 13.355 ஏர். ஆனால் நான் பார்த்த கிராமப் பட்டாக்களில் பெரும்பாலும் ஏர் .00 அல்லது .50 என்றுதான் முடிகிறது, அதாவது அரை ஏருக்கு முழுமையாக்கிய எண்கள். அரை ஏர் என்பது 1.24 சென்ட். அப்படியானால் முழுமையாக்கியதால் மட்டுமே முக்கால் சென்ட்டுக்குள் கூடவோ குறையவோ வரலாம். அந்த அளவு வித்தியாசம் வந்தால் யாரும் வரப்பைத் தள்ளிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டியதில்லை. இரண்டு மூன்று சென்ட் வித்தியாசம் வந்தால் அது வேறு விஷயம், அப்போது சர்வேயரை வைத்து அளப்பதுதான் வழி.

நகராட்சிப் பகுதி நில அளவைப் பதிவேட்டிலும் நத்தம் (ஊர்க் குடியிருப்பு நிலம்) பட்டாவிலும் ஹெக்டேர், ஏர், சதுர மீட்டர் என்று மூன்று கட்டமாகப் பிரித்து எழுதியிருப்பார்கள். 0 - 02 - 23 என்றால் 223 சதுர மீட்டர். 10.764 ஆல் பெருக்கினால் 2,400 சதுர அடி, ஒரு கிரவுண்ட். வீட்டுமனைக்குச் சென்ட்டுக்குப் போகாமல் நேராகச் சதுர அடிக்கு வந்துவிடுவதுதான் சுலபம்.

புதுச்சேரிப் பத்திரம் கையில் வந்தால் மட்டும் இன்னும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன வழக்கப்படி அங்கே ஹெக்டேர், ஆர், சென்டியார் என்று எழுதுவார்கள். ஆர் என்பது நம் பட்டாவின் ஏர்தான். சென்டியார் என்பது ஆரில் நூற்றில் ஒன்று, அதாவது ஒரே ஒரு சதுர மீட்டர். பெயர் சென்ட் மாதிரி இருக்கிறதே என்று அதைச் சென்ட்டாக எடுத்துக்கொண்டால் நாற்பது மடங்கு தப்பாகிவிடும். 00 - 01 - 12 என்றால் 112 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 1,205 சதுர அடி.

சென்ட் எப்படி 435.6 ஆனது

இது தெரிந்தால் எண் மறக்காது, அதோடு புலப்படம் (வயலின் எல்லை அளவுகளைக் காட்டும் சர்வே வரைபடம்) படிக்கவும் உதவும். 1620 வாக்கில் எட்மண்ட் கன்டர் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் நிலம் அளக்க ஒரு சங்கிலியை அமைத்தார். நீளம் 66 அடி, அதில் 100 கண்ணிகள். கண்ணியை நம் சர்வேயர்கள் லிங்க் என்பார்கள். ஒரு லிங்க் 0.66 அடி, அதாவது எட்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. நீளத்திலும் அகலத்திலும் ஒரு சங்கிலி வைத்துப் பத்துச் சதுரம் சேர்த்தால் ஒரு ஏக்கர். 66 × 66 × 10 போட்டுப் பாருங்கள், 43,560 வரும். ஏக்கரில் நூற்றில் ஒன்று சென்ட், 435.6.

ஒரு ஏக்கர் ஒரு லட்சம் சதுர லிங்க், ஒரு சென்ட் ஆயிரம் சதுர லிங்க். பழைய புலப்படத்தில் அளவுகள் லிங்க்கில் இருந்தால் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கிக் கடைசி மூன்று இலக்கத்தை நீக்கினால் சென்ட் கிடைத்துவிடும். பெரியப்பாவின் வயலைப் போல ஒரு செவ்வகத்தை எடுத்துக்கொள்வோம்: 200 லிங்க் நீளம், 165 லிங்க் அகலம். பெருக்கினால் 33,000. மூன்று பூஜ்யத்தை அடித்தால் 33 சென்ட். அதே வயலை அடியில் அளந்தால் 132 அடிக்கு 108.9 அடி, பெருக்கி 435.6 ஆல் வகுத்தாலும் அதே 33 சென்ட். மீட்டரில் அளந்தால் 40.23க்கு 33.19, பெருக்கினால் 1,335 சதுர மீட்டர், அதாவது 13.35 ஏர். பெரியப்பாவுக்கு இந்த மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் காட்டியபோதுதான் முகம் தெளிந்தது. வார்த்தையால் எவ்வளவு சொன்னாலும் நம்பாதவர், எண்கள் மூன்று வழியிலும் வந்து ஒரே இடத்தில் நின்றதும் நம்பினார்.

புலப்படத்தில் இருக்கும் எண் லிங்க்கா மீட்டரா என்று சந்தேகம் வந்தால் இதே வழிதான். இரண்டு விதமாகவும் பரப்பைப் போட்டுப் பாருங்கள், எது பட்டாவோடு ஒத்துப்போகிறதோ அதுதான் அளவு. லிங்க்கை மீட்டராக நினைத்துவிட்டால் பரப்பு இருபத்தைந்து மடங்கு கூடிவிடும், உடனே தெரிந்துவிடும்.

கண்ணால் மதிப்பிட வேண்டுமானால் ஒரு சென்ட் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 20 அடி பத்தரை அங்குலம். 33 அடிக்கு 33 அடி சரியாக இரண்டரை சென்ட். ஒரு ஏர் அதைவிட ஒரு துளி சின்னது, பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர்.

மா, குழி, வேலி, காணி

டெல்டாவில் இன்றும் நடவுக்கூலி, குத்தகை, அறுப்பு எல்லாம் மாக் கணக்கில்தான் பேசப்படுகிறது. பன்னிரண்டு அடிக் கோலால் நாலா பக்கமும் அளந்தது ஒரு குழி, 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா, 14,400 சதுர அடி. இருபது மா ஒரு வேலி, 2,88,000 சதுர அடி. பழந்தமிழ்ப் பின்னக் கணக்கில் மா என்ற சொல்லுக்கே இருபதில் ஒன்று என்றுதான் பொருள், வேலியில் இருபதில் ஒன்று மா.

ஒரு மாவை 435.6 ஆல் வகுத்தால் 33.06 சென்ட். பெரியப்பாவின் "ஒரு மா" எப்படிப் பத்திரத்தில் 33 சென்ட் ஆனது என்பது இப்போது புரியும். ஊரில் "மூணு மா ஒரு ஏக்கர்" என்பார்கள். மூன்று மா 43,200 சதுர அடி, ஏக்கருக்கு 360 சதுர அடி குறைகிறது. கூலிக்கும் விதைநெல்லுக்கும் இந்தக் கணக்கு போதும். நிலம் விற்கும்போது போதாது. ஒரு வேலியை "ஆறே முக்காலே சொச்சம்", "ஆறரைக்கு மேல" என்று பலவிதமாகச் சொல்வார்கள்; மூன்று மா ஒரு ஏக்கர் என்று வைத்தால் 6.67 ஏக்கர் வரும், சரியாகப் போட்டால் 6.61 ஏக்கர். அந்த வித்தியாசம் எவ்வளவு தெரியுமா, துல்லியமாக 2,400 சதுர அடி. ஒரு வேலிக்கு ஒரு கிரவுண்ட் காணாமல் போகிறது.

இந்தக் குழியை எல்லா ஊருக்கும் போட்டுவிடாதீர்கள். வடக்கே செங்கல்பட்டுப் பக்கமும் புதுச்சேரியிலும் குழி என்றால் 24 அடிக் கோல், 576 சதுர அடி, டெல்டாக் குழியைப்போல நான்கு மடங்கு. அந்த நூறு குழி ஒரு காணி, 57,600 சதுர அடி, 1.32 ஏக்கர், சரியாக 24 கிரவுண்ட். கோல் மாறினால் குழி மாறும், அதனால் பழைய பத்திரத்தில் குழி என்று பார்த்தால் எந்த ஊர்ப் பத்திரம் என்று முதலில் பாருங்கள், கூடவே எத்தனை அடிக் கோல் என்று எழுதியிருக்கிறதா என்றும் தேடுங்கள். ஒன்றும் புரியவில்லையென்றால் அதே நிலத்தின் பட்டாப் பரப்பைச் சதுர அடியாக்கி அந்தக் குழி எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள், 144க்குப் பக்கத்தில் வருகிறதா 576க்குப் பக்கத்தில் வருகிறதா என்று தெரிந்துவிடும்.

அடிக்கடி நடக்கும் தப்புகள்

"ஒண்ணு அஞ்சு" என்று வாயால் சொல்வது ஒரு பெரிய கண்ணி. ஒரு ஏக்கர் ஐந்து சென்ட்டை 1.05 என்று எழுத வேண்டும். அதை 1.5 என்று எழுதினால் ஒன்றரை ஏக்கர் ஆகிவிடும், 45 சென்ட் கூடுதல். பாகப்பிரிவினை பேசும்போது ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே போவோம் பாருங்கள், அங்கேதான் இது நுழையும். பத்துக்குக் கீழே சென்ட் வந்தால் முன்னால் ஒரு பூஜ்யம் போட்டே எழுதிப் பழகுங்கள்.

அடி, அங்குலத்திலும் இதே கதை. பத்திரத்தில் "கிழமேல் ஜாதியடி 40 அடி 6 அங்குலம், தென்வடல் ஜாதியடி 60" என்று இருந்தால் (ஜாதியடி என்பது நம் சாதாரண அடிதான்) பலர் போனில் 40.6 × 60 என்று தட்டுகிறார்கள். பன்னிரண்டு அங்குலம்தானே ஒரு அடி, ஆறு அங்குலம் அரை அடி, 40.5 × 60 = 2,430. அங்குலத்தைப் பன்னிரண்டால் வகுத்த பிறகுதான் அடியோடு சேர்க்க வேண்டும். மூன்று அங்குலம் .25, ஒன்பது அங்குலம் .75.

அப்புறம், ஒரு மீட்டர் 3.28 அடி என்பதால் ஒரு சதுர மீட்டரும் 3.28 சதுர அடி என்று நினைப்பது. நீளத்துக்கு ஒரு தடவை, அகலத்துக்கு ஒரு தடவை பெருக்க வேண்டும்: 3.28 × 3.28 = 10.76. ஒரு கஜம் மூன்று அடி, ஒரு சதுர கஜம் ஒன்பது சதுர அடி. ஹைதராபாத்தில் மனை வாங்குகிறவர்களுக்கு இது வேண்டும், அங்கே விலை எல்லாம் கஜத்தில்தான். ஓசூர் எல்லைப் பக்கம் கர்நாடகப் பத்திரம் வந்தால் குண்டா என்று இருக்கும், ஏக்கரில் நாற்பதில் ஒன்று, 1,089 சதுர அடி, சரியாக இரண்டரை சென்ட்.

ஹெக்டேருக்கு இரண்டரை ஏக்கர் என்று போடுவதும் அப்படித்தான். செய்தித்தாள் படிக்கும்போது பரவாயில்லை. நான்கு ஹெக்டேரைப் பத்து ஏக்கர் என்று விலை பேசி முடித்தால் உண்மையில் கையில் வருவது 9.88 ஏக்கர். குறைவது பதினொன்றரை சென்ட், இரண்டு கிரவுண்டுக்கு மேல். கணக்கின் நடுவில் எண்ணைச் சுருக்காதீர்கள். முழு எண்ணோடு போட்டுக்கொண்டே வந்து, கடைசி விடையை மட்டும் சுருக்குங்கள்.

வீடு கட்டும் மேஸ்திரி "எட்டுச் சதுரம் வீடு" என்று சொன்னால் ஒரு சதுரம் என்பது 100 சதுர அடி, ஆக 800 சதுர அடி. சதுர மீட்டரோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கோணலான மனை

இது அலகு மாற்றுவது இல்லைதான், ஆனால் பரப்பே தப்பாக இருந்தால் மாற்றி என்ன பயன்? நான்கு பக்கமும் நான்கு அளவாக இருந்தால், எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி இரண்டையும் பெருக்குவதுதான் நம் ஊர் வழக்கம். செவ்வகத்துக்கு இது சரி. கோணலாகிவிட்டால் இந்த வழி எப்போதும் கூடுதலாகத்தான் காட்டும், குறைத்துக் காட்டவே காட்டாது. விற்கிறவருக்கு லாபம், வாங்குகிறவருக்கு நஷ்டம்.

40 அடி, 60 அடி, 40 அடி, 60 அடி என்று ஒரு மனை. வழக்கப்படி 2,400 சதுர அடி. டேப்பை எடுத்து ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு அளந்து பாருங்கள். மூலைமட்டம் சரியாக இருந்தால் குறுக்களவு 72 அடி 1 அங்குலம் வர வேண்டும். 60 அடிதான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது மனையை இரண்டு முக்கோணமாகப் பிரித்துப் போட வேண்டும். முக்கோணத்தின் மூன்று பக்கம் 40, 60, 60. கூட்டி இரண்டால் வகுத்தால் 80. அந்த எண்பதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாகக் கழித்தால் 40, 20, 20. இப்போது 80 × 40 × 20 × 20 = 12,80,000. இதன் வர்க்கமூலம் 1,131.4. இரண்டு முக்கோணமும் ஒரே அளவு என்பதால் மொத்தம் 2,263 சதுர அடி. 2,400க்குப் பணம் கொடுத்திருந்தால் 137 சதுர அடிக்கு நிலமே இல்லாமல் பணம் போயிருக்கும். ஒரே ஒரு குறுக்களவு எடுக்க ஐந்து நிமிடம் ஆகாது, மனை பார்க்கப் போகும்போது டேப்போடு போங்கள்.

விலையை மாற்றும்போது திசை மாறும்

பரப்பைச் சென்ட்டிலிருந்து சதுர அடிக்குக் கொண்டுபோகப் பெருக்குகிறோம். விலையை அப்படிக் கொண்டுபோக வகுக்க வேண்டும். ஒரு தரகர் சென்ட் மூன்று லட்சம் என்கிறார், இன்னொருவர் சதுர அடி 700 என்கிறார். 3,00,000ஐ 435.6 ஆல் வகுத்தால் 688 ரூபாய் சொச்சம், முதல் மனைதான் மலிவு. ஹெக்டேருக்கு 50 லட்சம் என்றால் ஏக்கருக்கு 50ஐ 2.471 ஆல் வகுக்க வேண்டும், 20 லட்சத்து 23 ஆயிரம். அரசு வழிகாட்டி மதிப்பு பார்க்கும்போது சதுர அடிக்கு ஒன்று, சதுர மீட்டருக்கு ஒன்று என்று இரண்டு மதிப்பு இருக்கும். சதுர மீட்டருக்கான எண் பத்து மடங்குக்கு மேல் பெரிதாக இருக்குமே தவிர மதிப்பு ஒன்றுதான். சதுர மீட்டர் 5,000 என்றால் சதுர அடி 464 ரூபாய் 50 காசு.

இலங்கையில் நிலம் இருக்கிறவர்களுக்கு ஒரு வரி: அங்கே ஏக்கர், றூட், பேர்ச். நாற்பது பேர்ச் ஒரு றூட், நான்கு றூட் ஒரு ஏக்கர், ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. யாழ்ப்பாணத்தில் பரப்பு என்றால் பத்து பேர்ச், 2,722.5 சதுர அடி, நம் கணக்கில் ஆறேகால் சென்ட். உறுதியில் (அங்கே பத்திரத்தை அப்படித்தான் சொல்வார்கள்) 0 - 1 - 15 என்று பார்த்தால் ஒரு றூட்டின் நாற்பதோடு பதினைந்தைக் கூட்டி 55 பேர்ச் என்று படிக்க வேண்டும்.

பத்திரம் எழுதும் நாளன்று ஒரே ஒரு வேலை மறக்காமல் செய்யுங்கள். வரைவைக் கையில் வாங்கிச் சொத்து விவரத்தில் "ஹெக்டேர் 0.13.50க்கு ஏக்கர் 0.33 சென்ட்" என்பது போல இரண்டு அளவும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மனையாக இருந்தால் சதுர அடி, சதுர மீட்டர் இரண்டும் வேண்டும். பிறகு இரண்டையும் நீங்களே போனில் ஒருமுறை மாற்றிப் பாருங்கள், ஒன்றிலிருந்து மற்றதற்குப் போய்த் திரும்பி வந்து. முன்னால் இருந்த தாய்ப்பத்திரத்திலிருந்து எண்ணை அப்படியே நகலெடுத்து எழுதும்போது ஒரு பூஜ்யம் விட்டுப்போவது சாதாரணமாக நடக்கிறது, பதிவான பிறகு திருத்த வேண்டுமென்றால் இரு தரப்பும் சேர்ந்து பிழைத்திருத்தல் பத்திரம் போட வேண்டிவரும். பெரியப்பா தன் பட்டா நகலின் பின்பக்கம் நான் போட்ட கணக்கைத் தன் கையெழுத்தில் திரும்ப எழுதி, "1 மா = 33.06 செ. = 13.38 ஏர்" என்று கீழே கோடு போட்டு, பத்திரத்தோடு சேர்த்துப் பெட்டியில் வைத்திருக்கிறார்.